அலமாரியின் மேல்தட்டு

பூச்சோங் 14-ஆம் மைல் பக்கத்தில் ஒரு மாடிக் குடியிருப்பு. அங்கே நம் பள்ளி மாணவி ஒருத்தியின் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை மாலை போயிருந்தோம். பிள்ளைக்குக் காய்ச்சல்; மூன்று நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. நலம் விசாரித்து, கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தபோது, தாயார் அலமாரியின் மேல்தட்டைக் காட்டினார்.

"டீச்சர், இதையெல்லாம் பழைய பேப்பர் வாங்குறவருக்குப் போட்டுடலாமா? தூசி ஏறிப் போய்க் கிடக்கு. யாரும் படிக்கிற மாதிரியும் தெரியல."

நாற்காலி போட்டு இறக்கிப் பார்த்தோம். எண்ணிப் பார்த்ததில் 31 நூல்கள். மு. வரதராசனாரின் திருக்குறள் தெளிவுரை ஒன்று. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம். முதற் பாகம் மட்டும் பிரித்திருந்தது, மற்ற நான்கும் கண்ணாடித்தாள் உறையோடு அப்படியே இருந்தன. உள்ளூர்க் கவிஞர்களின் மெல்லிய கவிதை நூல்கள் ஏழெட்டு. சமையல், மூலிகை வைத்தியம், கோயில் குடமுழுக்கு மலர், பிள்ளைகள் பரிசாகப் பெற்ற நூல்கள். அகிலனின் 'பால்மரக்காட்டினிலே'. அடியில், ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்'. "இவற்றில் எத்தனை படித்திருப்பீர்கள், அக்கா?" என்று கேட்டோம். விரல்விட்டு எண்ணினார். மூன்று விரலுக்கு மேல் மடங்கவில்லை. அதிலும் ஒன்று சமையல் நூல்.

போடலாமா, வேண்டாமா என்று உடனே பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. காரணம், நம் வீட்டு மேசையும் அப்படித்தான் இருக்கிறது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த நாளில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் ஆசையோடு வாங்கிய கட்டுரைத் தொகுதி ஒன்று இன்னும் நம்மிடம் இருக்கிறது. கடைக்காரர் கொடுத்த ரசீது அதன் 23-ஆம் பக்கத்தில் இருக்கிறது. இருபது ஆண்டுக்கு மேலாக அந்த ரசீது பக்கம் மாறவில்லை. மாணவர்களைப் பார்த்து "படியுங்கள், படியுங்கள்" என்று சொல்லும் நமக்கே இந்த நிலை!

இது நம்மவருக்கு மட்டும் உள்ள குறை என்று எண்ணிவிட வேண்டாம். நூலை வாங்கி அடுக்கிவிட்டுப் படிக்காமல் விட்டுவைப்பதற்கு ஜப்பானியர் தம் மொழியில் தனிச்சொல்லே வைத்திருக்கிறார்கள். 'சுண்டோக்கு' என்பது அச்சொல். 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே அது வழக்கில் இருக்கிறது. ஆகவே கைப்பேசி வந்ததால்தான் இந்த நோய் வந்தது என்று சொல்வதற்கும் இடமில்லை. கைப்பேசி அதைக் கொஞ்சம் முற்ற வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

நம் தோட்டப்புறங்களில் முன்பு இந்த அடுக்கு இருந்ததா? இல்லை. அடுக்கி வைக்கும் அளவுக்கு நூல் ஏது? பூச்சோங் வட்டாரத்தில் கின்ராரா, காசல்பீல்டு என்ற பெயர்களை இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயராகவும் வீடமைப்புப் பகுதிகளின் பெயராகவும் கேட்கிறோம். ஒரு காலத்தில் அவை ரப்பர் தோட்டங்களின் பெயர்கள். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பாலெடுத்து, பகல் திரும்பிக் குளித்துச் சாப்பிட்டபின்தான் லயத்து மக்களுக்கு ஓய்வு. அந்த ஓய்வில் நாளிதழ் ஒன்று வரும். 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்', 1935-இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு', தொழிற்சங்கத்தின் 'சங்கமணி' ஆகியவை தோட்டங்களுக்குள் வந்தன. தேநீர்க் கடையிலோ முடிதிருத்தும் கடையிலோ எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். பத்துப் பேர் கேட்பார்கள். 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுபோனது. ஆனால் அதைப் படிக்கக் கேட்டே உலகச் செய்தி அறிந்த முதியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

நம் தாயாரின் இரும்புப் பெட்டியில் 'ராணி முத்து' இதழ்கள் சில இருந்தன. 1969-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய அந்த மாத இதழ், ஒரு முழு நாவலை மலிவு விலையில் தந்தது. அந்த இதழ்களில் ஒன்றுக்கும் அட்டை கிடையாது. ஏனென்றால் ஒவ்வொன்றும் பத்து வீடு சுற்றிவிட்டு வந்தவை. சிலவற்றில் கடைசிப் பக்கமும் இராது. கதாநாயகி யாரை மணந்தாள் என்பதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது ஒரு நூலுக்குப் பத்து வாசகர். இப்போது ஒரு வீட்டில் 31 நூல், படித்தது மூன்று.

எப்படி வந்து சேர்ந்தன இந்த 31-உம்? அந்தத் தாயாரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டோம். கதை வெளிவந்தது.

கவிதை நூல்கள் எல்லாம் நூல் வெளியீட்டு விழாக்களில் வாங்கியவை. நம் நாட்டில் தமிழ் நூல் பெரும்பாலும் கடையில் விற்பதை விட மேடையில் விற்பதே அதிகம். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். பிரமுகர் ஒருவர் முதல் நூலைப் பெறுவார். பிறகு நாமெல்லாம் வரிசையில் நின்று, உறையில் 20 வெள்ளியோ 50 வெள்ளியோ வைத்துக் கொடுத்து, எழுத்தாளரிடம் கையொப்பமும் வாங்கிப் படம் எடுத்துக்கொள்வோம். எழுதுகிறவரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம் அது. அதைக் குறை சொல்ல மாட்டோம். அந்த உறைகள் இல்லாவிட்டால் இந்நாட்டில் பல தமிழ் நூல்கள் அச்சேறியே இரா. ஆனால் அங்கே நாம் வாங்கியது நூலையா? மொய் வைத்தோம், பதில் மரியாதையாக நூல் வந்தது. மொய்க்கு வந்த பொருளை யார் பிரித்துப் பார்க்கிறார்கள்?

'பொன்னியின் செல்வன்' வந்த கதை வேறு. 2022-இல் திரைப்படத்தின் முதற் பாகமும் 2023-இல் இரண்டாம் பாகமும் வந்தன. படம் பார்த்த சூட்டில் ஐந்து பாகத்தையும் ஒரே நாளில் வாங்கிவிட்டார்கள். 120 வெள்ளி கொடுத்ததாகச் சொன்னார். அந்தத் தாயார் கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்கிறார். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று உயர்ந்தது. மாதம் 26 நாள் வேலை என்று வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி. ஆகவே அந்த ஐந்து பாகம் ஏறக்குறைய இரண்டு நாள் உழைப்பு. கண்ணாடித்தாள் உறைக்குள் ஒன்றரை நாள் கூலி பூட்டிக் கிடக்கிறது என்று சொன்னபோது அவர் சிரித்தார். சிரித்தாலும் அது அவருக்கு உறுத்தியது.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு வாத்தியார் தேவையில்லை. நடுத்தர எழுத்தில் அச்சிட்ட ஒரு பக்கம் படிக்க இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வேலைக்குப் போய்வந்து, சமைத்து, பிள்ளையின் பாடத்தைப் பார்த்து, துணி துவைத்துப் போட்டபின் ஒருவருக்கு 15 நிமிடம் மிஞ்சினால் ஏழு பக்கம் படிக்கலாம். 200 பக்க நூல் முடிய ஒரு மாதம். ஆண்டுக்கு 12 நூல். இது குறைவானதன்று, ஆண்டுக்குப் பன்னிரண்டு நூல் படிப்பவரை நாம் தாராளமாக வாசகர் என்று சொல்லலாம். ஆனால் அந்த வீட்டுக்கு மாதம் இரண்டு நூல் வந்தால்? ஆண்டு முடிவில் பன்னிரண்டு மிச்சம். ஐந்தாண்டில் அறுபது. சோம்பேறித்தனம் ஏதுமில்லை; ஒழுங்காகப் படிக்கிற வீட்டிலேயே இவ்வளவு சேரும். அறுபதைப் பார்க்கும்போது மனம் சோர்கிறது. கட்டாத தவணை போல அது நம்மைப் பார்க்கிறது. கடன்காரனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வது போல, அலமாரியைப் பார்க்காமல் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிவிடுகிறோம். அடுக்கு வளர்வதால் படிப்பு குறைகிறது. படிப்பு குறைவதால் அடுக்கு இன்னும் வளர்கிறது.

இதை எங்கே அறுப்பது? வாங்கும் இடத்தில்தான் அறுக்க வேண்டும் என்பது நம் கருத்து. கடையில் நிற்கும்போது நாம் பெரும்பாலும் வேறொருவருக்காக நூல் தேர்ந்தெடுக்கிறோம். யார் அவர்? நாளைக்கு நாம் ஆகப்போவதாக எண்ணிக்கொண்டிருக்கும் ஆள். அவர் அதிகாலையில் எழுந்து சங்க இலக்கியம் படிப்பார், மூலிகை வளர்ப்பார், ஆங்கிலம் கற்பார். வீட்டுக்கு நூலைக் கொண்டுவருவதோ, கண் எரிய இரவு ஒன்பது மணிக்கு உட்காரும் இன்றைய ஆள். இந்த ஆளுக்கு அந்த நூல் பொருந்துவதில்லை.

ஆகவே அட்டையையும் முதற் பக்கத்தையும் மட்டும் பார்த்து வாங்காதீர்கள். முதற் பக்கத்தை எல்லா எழுத்தாளரும் நன்றாகத்தான் எழுதுவார்கள். நடுவில் எங்கேனும் திறந்து, நின்றபடியே ஒரு பக்கம் முழுவதும் படித்துப் பாருங்கள். எழுத்து கண்ணுக்குப் போதுமா? அடுத்த பக்கம் திருப்பக் கை போகிறதா? போனால் வாங்குங்கள். பல பாகமுள்ள நூலானால் முதற் பாகத்தை மட்டும் வாங்கி, முடித்தபின் அடுத்ததற்குப் போங்கள். கடை எங்கும் ஓடிவிடாது. கல்கியின் எழுத்துக்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் போன்ற இணைய நூலகங்களில் அவை கைப்பேசியிலேயே காசில்லாமல் கிடைக்கின்றன. முதல் பத்து அத்தியாயத்தை அங்கே படித்துச் சுவை பிடித்தபின் காசு கொடுக்கலாம்.

'பொன்னியின் செல்வன்' பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் கனத்தைப் பார்த்து மலைக்கிறவர் பலர். அது ஐந்து செங்கல்லாகப் பிறந்த நூலன்று. 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் தொடங்கி 1954 வரை வாரந்தோறும் வந்த தொடர்கதை. மக்கள் அதை மூன்றரை ஆண்டு காத்திருந்து படித்தார்கள். ஐந்து பாகத்திலும் மொத்தம் 293 அத்தியாயம். இரவுக்கு ஓர் அத்தியாயம் என்றால் பத்து மாதத்துக்குள் முடிந்துவிடும். அது எழுதப்பட்ட முறைக்கு ஏற்ற வாசிப்பும் அதுவே. திருக்குறளும் அப்படித்தான், 133 அதிகாரம், இரவுக்கு ஒன்று. அந்தத் தாயாருக்கு இரவு ஒத்துவரவில்லை. 2016-இல் பூச்சோங்குக்கு இலகு ரயில் வந்ததிலிருந்து அவர் அதில்தான் வேலைக்குப் போகிறார். காலையில் உட்கார இடம் கிடைக்கிறது என்றார். அவருடைய 15 நிமிடம் அங்கே இருந்தது.

பிடிக்காத நூலைப் பாதியில் விடலாமா என்று பலர் கேட்பதுண்டு. தாராளமாக விடலாம். தட்டில் விழுந்த சோற்றை மிச்சம் வைக்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை நூலுக்கும் கொண்டுவந்துவிட்டோம். நூல் சோறன்று. நீங்கள் விட்ட நூல் கெட்டுப்போகாது. வேறொருவர் கைக்குப் போகும்.

இந்த இடத்தில் நம் தொழிலைச் சேர்ந்த ஒருவரை நினைத்துக்கொள்வோம். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் சென்னையில் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். அந்த வேலை அவருக்கு முதலில் அறவே பிடிக்கவில்லை. மாணவர் முகம் பார்த்துப் பழகிய மனிதர் நூல்களுக்கு நடுவே தனியே உட்கார்ந்து சலித்து, பழைய கல்லூரிக்கே திரும்பிவிட நினைத்தார். பிறகு இங்கிலாந்து சென்றார். அங்குள்ள நூலகங்கள் மக்களுக்குப் பயன்படும் விதத்தைப் பார்த்ததும் மனம் மாறினார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகள் இன்று உலகமெங்கும் நூலகப் பயிற்சியில் கற்பிக்கப்படுகின்றன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு ஏற்ற நூல் கிடைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அதைத் திருப்பிப் போட்டாற்போல் இன்னொன்று: ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும். இரண்டாவதை நம் வீட்டு அலமாரிக்குப் பொருத்திப் பாருங்கள். நம்மிடம் படிக்கப்படாமல் கிடக்கும் நூலுக்கு வாசகர் இல்லை என்று பொருளில்லை. அந்த வாசகர் நாமாக இல்லாமல் இருக்கலாம். அடுத்த மாடியில் இருக்கலாம். அதே 1931-இல் தஞ்சை வட்டாரத்தில் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். நமக்கு மாட்டு வண்டி வேண்டாம். மின்தூக்கி வேலை செய்தால் போதும்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நம் பள்ளியில் பெற்றோர் கூடும் அறையில் ஓர் அலமாரி வைத்தோம். வீட்டில் படிக்காமல் இருக்கும் நூலைக் கொண்டுவந்து வையுங்கள், வேண்டியதை எடுத்துப் போங்கள் என்று அறிவித்தோம். முதல் வாரமே ஒரு வேடிக்கை நடந்தது. ஒரே கவிதை நூலின் ஏழு படிகள் வந்து சேர்ந்தன. எல்லாரும் ஒரே வெளியீட்டு விழாவுக்குப் போயிருந்தார்கள் போலும்! கவிஞர் காதில் விழாதபடி பார்த்துக்கொண்டோம். ஆனால் சமையல் நூல்கள் இரண்டு நாளில் பறந்தன. மூலிகை நூலை ஒரு பாதுகாவலர் எடுத்துப் போனார். அவர் காசல்பீல்டு தோட்டத்தில் பிறந்தவர், இலையைப் பார்த்தாலே செடியின் பெயர் சொல்வார். நூலில் இரண்டு இடத்தில் பிழை என்று வந்து சொன்னார்.

இனி, அந்த வீட்டுக் கதைக்கு வருவோம். 31 நூலையும் தரையில் பரப்பி வைத்துப் பிரித்தோம். பள்ளி அலமாரிக்கு என்று 14 ஒதுங்கின. 'பொன்னியின் செல்வன்' முதற் பாகம் ரயிலுக்காகத் தாயாரின் கைப்பைக்குள் போனது. 'சயாம் மரண ரயில்' நூலை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்திருந்தோம். 1993-இல் முதலில் வெளிவந்த நாவல் அது. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட ஜப்பானியர் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோன கொடுமையைச் சொல்வது. 1942-இல் தொடங்கிய அந்த வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் பலர் திரும்பவில்லை.

அதுவரை பாயில் படுத்திருந்த பாட்டி, மாணவியின் தந்தையைப் பெற்றவர், எழுந்து உட்கார்ந்தார். வயது எண்பதைத் தாண்டியவர். நாற்பது ஆண்டு மரம் வெட்டியவர்.

"அது என்னா புத்தகம், டீச்சர்?"

சொன்னோம்.

"எங்கப்பா அங்கதான் போனாரு. நான் அப்ப கைக்குழந்தையாம். ஆள் திரும்பி வரல."

அந்த நூல் அந்த வீட்டில் ஒன்பது ஆண்டாக இருந்திருக்கிறது. ஒரு விழாவில் மகன் வாங்கி வந்தது. பாட்டி மூன்றாம் வகுப்பு வரை தோட்டப் பள்ளியில் படித்தவர்தான். ஆனால் இப்போது கண்ணில் புரை, சிறிய எழுத்து தெரிவதில்லை. மேல்தட்டில் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அவரிடம் இருந்த கதையை யாரும் கேட்டதும் இல்லை.

காய்ச்சல் விட்டு எழுந்த மாணவியிடம், இரவுக்கு மூன்று பக்கம் பாட்டிக்கு உரக்கப் படித்துக் காட்டும்படி சொல்லிவிட்டு வந்தோம். வாசிப்புப் பயிற்சியாகவும் ஆகும் என்ற எண்ணம் நமக்கு. ஒரு மாதம் கழித்து அவள் அந்த நூலைப் பள்ளிக்குக் கொண்டுவந்தாள். நாற்பது பக்கம்கூட ஆகவில்லை. "ஏன் இவ்வளவு மெதுவாக?" என்று கேட்டோம். பாட்டி நடுநடுவே "அங்க நிறுத்து" என்று சொல்லித் தன் தாயார் சொன்னதைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறாராம். அப்பா போன அன்று பால்வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனது, அம்மா அந்த வாளியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது, பிறகு பசிக்கு அதை மரவள்ளிக் கிழங்குக்கு மாற்றியது. இவள் அதையெல்லாம் பென்சிலால் நூலின் ஓரத்தில் எழுதியிருந்தாள். ஓரங்கள் நிரம்பிவிட்டன. பின் அட்டையின் உட்பக்கமும் நிரம்பிவிட்டது.

நூலில் எழுதியதற்குத் திட்டுவோமோ என்று பயந்து நின்றவள், நாம் ஒன்றும் சொல்லாததைப் பார்த்து, கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்குமா டீச்சர் என்று கேட்டாள். 80 பக்க நோட்டை எடுத்துக் கொடுத்தோம். பெரியது இல்லையா என்றாள்.